வந்த வழியே

எழுபதுகளின் கடைசியில், எனக்கு இருபத்தோரு வயதில், அத்தையின் புருஷன் அவர்கள் வீட்டிலேயே என்னைப் பலாத்காரம் செய்தான். எங்கள் ஊரில் இதைக் ‘கெடுத்துட்டான்’ என்பார்கள். நான் என்ன ஊசிப்போன குழம்பா, கெட்டுப்போக? அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். முதலில் என் வாயைப் பொத்தினாள். பிறகு, ஒரு வருஷம் பௌர்ணமிதோறும் என்னை மலை சுற்ற வைப்பதாக வேண்டிக்கொண்டாள், தோஷம் கழிய.

தோஷம் எனக்காம்! திருவண்ணாமலை கடைத்தெருவில் அவன் தன் அரிசி மண்டியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் வெறுங்காலோடு ரோட்டில் கொப்புளம் வாங்கிக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. அதைவிடக் கேவலம், நடக்க நடக்க நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன், என்னிடம்தான் ஏதோ அழுக்கு இருக்கிறதென்று.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. பாதிச் சுற்றுக்கு மேல் முடித்து அடி அண்ணாமலைக்கு வந்தால் அங்கே நீர்மோர்ப் பந்தல். மோர் ஊற்றுகிறவன் அவன். நெற்றி நிறைய விபூதி.

“வாம்மா, வெயிலு ஜாஸ்தி, குடி” என்று என்னிடமே டம்ளரை நீட்டினான். படுபாவி, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அம்மா என் முதுகில் இடித்தாள். “வாங்கிக்கடி. நாலு பேரு பாக்குறாங்க.”

“மலை சுத்த வேண்டியவன் நீதான்டா” என்றேன், பந்தலுக்கே கேட்கும்படி. “உன் வூட்ல வச்சு என்னை என்ன செஞ்சன்னு இவங்களுக்குச் சொல்லு. சொல்லிட்டு ஊத்து.”

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

நான் திரும்பி, வந்த வழியே நடந்தேன். மலை சுற்றுவதைப் பாதியில் விடக் கூடாது, எதிர்ப்பக்கமாக நடக்கவே கூடாது என்பார்கள். போதாக்குறைக்கு, வீட்டுக்கு அந்த வழிதான் தூரம். எதிரே வந்த கூட்டமெல்லாம் திட்டியது. “ஏம்மா, அறிவில்ல? இப்படியா வருவாங்க?”

திட்டட்டும் என்று கையை வீசி நடந்தேன். என்னிடம் அழுக்கு எதுவும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு எத்தனை பௌர்ணமி வேண்டியிருந்தது!

பொழுது சாய்ந்து அம்மா வீட்டுக்கு வந்தாள். “உனக்கும் சேத்து நானே சுத்தி முடிச்சிட்டேன்” என்றாள்.

“அவன் குடுத்த மோரக் குடிச்சியாம்மா?”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தாகமா இருந்திச்சிடி” என்றாள்.