வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

ஆரணியில் நான் வேலை பார்க்கும் பட்டுக் கடையின் போட்டோக்களில் நூற்றுக்கணக்கில் இருக்கிறேன். ஒன்றில்கூட எனக்கு முகம் கிடையாது. புது டிசைன் வந்தால் அதைக் கட்டிக்கொண்டு வெள்ளைத் துணிக்கு முன்னால் நிற்பேன். கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். முதல் தடவை எனக்குச் சுருக்கென்றது. "மூஞ்சி அவ்ளோ மோசமாவா கீது?" என்று முதலாளியிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மூஞ்சி தெரிஞ்சா அது உன் புடவ ஆயிடும்மா. தெரியலன்னாதான் பாக்கறவங்க அவங்கவங்க மூஞ்சிய வெச்சிப் பாப்பாங்க" என்றார்.

அவர் வியாபாரத்துக்காகச் சொன்னது. ஆனால் அந்தச் சங்கதி எனக்குப் பள்ளிக்கூட வயதிலேயே தெரியும். நூலகத்தில் எடுத்து வரும் நாவல்களில் கதாநாயகியின் நிறம், மூக்கு, இடுப்பு என்று இரண்டு பக்கம் வர்ணித்துவிட்டால் நான் கதைக்கு வெளியே நின்றுவிடுவேன். நான் கறுப்பு, மூக்கும் சப்பை. பேர், ஊர் எதுவும் சொல்லாமல் வெறும் 'நான்' என்று பேசுகிற ஒருத்தி கிடைத்தால் போதும், உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்வேன். அவள் எதற்கு அழுதாலும் என் கஷ்டத்துக்குத்தான் அழுகிறாள் என்று நினைப்பு.

போன வருஷம் மகள் கல்லூரி லீவில் வந்தபோது லேப்டாப்பில் ஒரு கேம் காட்டினாள். தோளில் மூட்டையோடு ஒருவன் மலைப்பாதையில் ஊர் ஊராகப் போகிறான். பெரிய தொப்பி முகத்தை மறைக்கிறது. எதிரில் வருகிறவர்கள் மூச்சு விடாமல் பேசுகிறார்கள். இவன் வாயைத் திறப்பதே இல்லை.

"இவன் ஊமையாடி?"

"இல்லம்மா. வேணும்னேதான் அவனுக்குப் பேச்சு வெக்கல. நீதான் அவன்."

அன்றிலிருந்து கடை விட்டு வந்ததும் டீயைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் அவனாக இருந்தேன். ஒரு ஊரில் செய்யாத திருட்டுக்காக அவனைச் சந்தையில் நிற்க வைத்துத் திட்டுகிறார்கள். அவன் தலை குனிந்து நின்றான். "எவ்ளோ பொறுமை பாரு" என்றேன். "பொறுமையா? உள்ள கொதிச்சிகினு கீறான்" என்றாள் மகள். சண்டையே வந்துவிட்டது. இல்லாத முகத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டோம்.

அதே வாரம்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டு, வேலூரில் புதுக்கடை திறப்பதாகவும் அதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நொடியே பயம் பிடித்துக்கொண்டது. வேலூருக்கு வைத்தியம் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். இந்தியில் பேசுவார்கள், இங்கிலீஷில் பேசுவார்கள். நான் என்னத்தைப் பேசுவது?

"வீட்ல கேட்டுச் சொல்றேங்க" என்றேன்.

இந்த வார்த்தையின் மதிப்பு என்னைவிட யாருக்குத் தெரியும்? நாற்பது புடவையைப் பிரித்துப் போட்ட பிறகு, எதுவும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று எழுந்துவிடுவாள். நாங்களும் தலையாட்டிவிட்டு மடிக்க ஆரம்பிப்போம். அந்த வீட்டுக்காரர் எங்கேயோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், புடவைப் பேச்சே அவர் காதுக்குப் போயிருக்காது.

நானும் வீட்டில் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து, "அவருக்கு இஷ்டமில்லைங்க" என்று சொல்லிவிட்டேன். சத்தியமாக, பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் மெஷின் ஓட்டுகிறார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இருபத்திரண்டு வருஷமாக அவருக்கும் சேர்த்து நான்தான் பேசி வருகிறேன். அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது, அவருக்குக் கூட்டம் பிடிக்காது, அவர் வேலூர் வேண்டாம் என்பார். முதலாளி உடனே விடவில்லை. "வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்கறேன். இன்னொரு வாட்டி பேசிப் பாரும்மா" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நானும் மகளும் மறுபடியும் அந்தச் சந்தைக் கட்டத்தில் இருந்தோம். அவர் மில்லிலிருந்து வந்து, தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு எங்கள் பின்னால் நின்று பார்த்தார். "அப்பா, நீ சொல்லு. இவன் மனசுல இன்னா நெனச்சிகினு கீறான்?" என்று மகள் கேட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேற யாரோ செஞ்சதுக்கு இவன் பேச்சு வாங்கறான். எதுத்துச் சொன்னா அவங்களுக்கு அசிங்கமாப் பூடும்னு கம்முனு நிக்கறான்" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார்.

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாலேயே போனேன்.

"ஏங்க, யார்னா எதுனா சொன்னாங்களா?"

அவர் காலைத் தேய்த்துக் கழுவி முடித்தார். "உங்க முதலாளி அரிசி வாங்க மில்லுக்கு வந்தாரு. பொண்டாட்டி முன்னேறறத வேணாம்னு தடுக்கலாமான்னு கேட்டாரு. மூட்ட தூக்கறவங்கள்லாம் நின்னுகினு இருந்தாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னாத்த சொல்றது. யோசிக்கறேங்கன்னேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். வெட்கத்தில் எனக்கு உடம்பே கூசியது. "நீங்க வேணாம்னுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"நீ எங்க கேட்ட?" கோபமே இல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உனக்கு பயமா இருந்தா பயமாக்கீதுன்னு சொல்லு. நான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லாத."

"சரி, இப்ப கேக்கறேன். நீங்க இன்னா நெனைக்கறீங்க?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவருக்காக மூன்று பதில்கள் என் நாக்கு நுனி வரை வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"போனா நல்லாருக்கும்" என்றார் கடைசியில். "காலைல ஏழு மணி பஸ்சுக்கு நான் வண்டில கொண்டாந்து வுட்டுட்டு மில்லுக்குப் போய்டலாம். டைம் சரியா இருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டாம் என்றதாக நான் பழி போட்ட மனிதர் பஸ் நேரம் வரை பார்த்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை முதலாளிக்கு போன் செய்தேன். "அவரு தடுக்கலைங்க. நான் பயந்துகினு அவரு தலைல போட்டுட்டேன். நான் வேலூருக்குப் போறேங்க." அவர், "பாவம்மா, அந்த மனுஷன நாலு பேர் எதிர்ல கேட்டுட்டேனே" என்றார்.

கடைக்குப் போகாமல் நேரே மில்லுக்குப் போனேன். மூட்டை தூக்குகிறவர்கள் நான்கு பேரும் இருந்தார்கள். "எங்க வூட்டுக்காரரு என்ன ஒண்ணும் தடுக்கலைங்க. எனக்குத்தான் பயம்" என்றேன். மெஷின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். போய் மெஷினை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். மறுபடியும் சொன்னேன்.