பெட்டி மேல் ரம் என்று எழுதினேன்

ரம் சேர்த்த ஒவ்வொரு பெட்டியின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டி, கறுப்பு மார்க்கரால் எழுதினேன்: ‘இதில் ரம் இருக்கிறது.’ கண்ணாடி போடாமலே படிக்கும்படி கொட்டை எழுத்து. தீபாவளிக்கு முந்தைய நாள் அது. அதிரசம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா ஜல்லிக்கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“கிழிச்சுப் போடு” என்றாள்.

“மாட்டேன்” என்றேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நடந்த பேச்சின் சுருக்கம் அவ்வளவுதான்.

எனக்கு பெங்களூரில் வேலை. மாதத்தில் பாதி நாள் அங்கே, மீதி நாள் பாப்பாரப்பட்டியில் வீட்டு மாடி அறையில், லேப்டாப்போடு. பெங்களூரில் என்னோடு தங்கியிருந்தவள் ஒரு டிசம்பரில் ட்ரஃபிள் செய்தாள். கறுப்பு சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, சூடான கிரீமை ஊற்றிக் கலக்கி, ஆறியதும் கொஞ்சம் மது சேர்த்து, ஃப்ரிட்ஜில் இறுகவைத்து, உருட்டி, கோகோ பொடியில் புரட்டி எடுப்பது. ஒன்றை வாயில் போட்டேன். மேலே கசப்பு, உள்ளே வழுவழுப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு சின்னச் சூடு. அந்தச் சூடு எனக்குப் பிடித்துப்போனது. எதையாவது பார்த்தால் அன்றைக்கே கை பரபரக்கும் ஆள் நான். அடுத்த தீபாவளிக்கு எங்கள் தெருவுக்கே இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவள் சேர்த்தது வெளிநாட்டுக் காபி லிக்கர். எனக்கு அது எதற்கு? எங்கள் ஊருக்குப் பக்கத்து வத்தல்மலையிலேயே காபி விளைகிறது. அந்தக் கொட்டையை வறுத்து அரைத்து, திக்காக டிகாக்‌ஷன் இறக்கி, வெல்லப்பாகு சேர்த்து, ரம் ஊற்றி ஊற வைத்தால் முடிந்தது. டிகாக்‌ஷனும் வெல்லமும் வீட்டிலேயே உண்டு. ரம்மைத்தான் வாங்க வேண்டும்.

பாப்பாரப்பட்டியில் வாங்கினால் நான் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிடும். தருமபுரிக்குப் பஸ் ஏறினேன். மதுக்கடையில் மத்தியானக் கூட்டம். நான் போய் நின்றதும் முன்னால் இருந்தவர்கள் தானாக விலகினார்கள். மரியாதையால் அல்ல. ஏதோ ரெய்டு என்று நினைத்திருப்பார்கள். கம்பிக்குப் பின்னால் இருந்தவர், “அப்பாவுக்காம்மா?” என்றார்.

“எனக்குங்க. சாக்லேட் செய்ய.”

பின்னால் ஒருவர் தன் கூட்டாளியிடம் சொன்னார், “கேட்டுக்க. இனிமே சைடு டிஷ்லயே சரக்கு வந்துரும் போலருக்குது.”

சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கடைக்காரர் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தார். வேறு யாருக்கும் அவர் சுற்றித் தரவில்லை. தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.

ஊற வைத்த ஜாடியை நான் ஒளிக்கவில்லை. ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குள் சாராயமா என்று ஆரம்பித்தாள். அப்பா மாதத்துக்கு இரண்டு தடவை குடித்துவிட்டு வருவார். அதற்கு அம்மா வைத்திருக்கும் பெயர் ‘உடம்பு வலி’. வாசனை தெருமுனை வரைக்கும் அடித்தாலும் அது உடம்பு வலிதான். முனியப்பனுக்குக் கிடா வெட்டும்போது முழுப் பாட்டிலைத் திறந்து படையலில் வைக்கிறோம், அது பக்தி. நான் சாக்லேட்டில் நாலு கரண்டி விட்டால் மட்டும் சாராயம். இதை இப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

முதல் கலவை திரிந்துபோனது. சாக்லேட் சூடு ஆறுவதற்கு முன்னால் மதுவை ஊற்றிவிட்டேன், அவசரம். எண்ணெய் தனியாக, சாக்லேட் தனியாக மணல் மாதிரி நின்றது. வெதுவெதுப்பான பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்ததில் ஒருவழியாகச் சேர்ந்தது. இரண்டாவது கலவைக்குப் பொறுமையாக இருந்தேன். என்னால் முடிந்த அளவு பொறுமை. உருட்டும்போது அம்மா ஒரு தடவை வந்து பார்த்தாள். “சாம்பல்ல உருட்டுன களியாட்டம் இருக்குது. இதையா நாலு பேருக்குக் குடுக்கப்போற?” என்று கேட்டுவிட்டுப் போனாள். கேழ்வரகுக் களி போலத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டு வகை செய்தேன். ஒன்றில் ரம் ஊறிய காபி. இன்னொன்றில் வெறும் டிகாக்‌ஷன், குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கும் பாய் வீட்டுக்கும். உருண்டை ஒரே அளவு, மேலே பொடி ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுதான். வித்தியாசம் காட்ட இருந்தது நான் ஒட்டிய தாள் மட்டுமே. ஒரு வகையில் ‘இதில் ரம் இருக்கிறது.’ இன்னொன்றில் ‘இதில் ரம் இல்லை.’

பாய் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரே. அங்கே இருக்கும் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் தையல் வேலை செய்கிறவர்கள். எங்கள் தெருவில் தீபாவளிக்கு முந்தைய சாயங்காலம் வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும், அவர்கள் வீட்டுக்கும் போகும். ரம்ஜானுக்கு அங்கிருந்து தூக்குப்போசியில் பிரியாணி வரும். நான் சிறுமியாக இருந்ததிலிருந்து அக்கா அதை நீட்டும்போதே சொல்வார்: “இது கோழிங்க. உங்களுக்குன்னு தனிச் சட்டில செஞ்சது.” அம்மா ஒரு வருடமும் கேட்டதில்லை. அக்கா ஒரு வருடமும் சொல்லாமல் விட்டதில்லை. அம்மா அதை நம்பித்தான் மூடியைத் திறப்பாள், மறுபேச்சு இல்லாமல் சாப்பிடுவாள்.

அந்தத் தெருவில் நான் எழுதாமல் எப்படிக் கொடுப்பேன்? இதைத்தான் அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். செய்யவே வேண்டாம் என்றாள் முதலில். செய்த பிறகு, கொடு, ஆனால் எழுதாதே என்றாள். இரண்டு சொட்டு யாருக்குத் தெரியப்போகிறது, எழுதி ஒட்டினால்தான் ஊர் சிரிக்கும் என்பது அவள் கட்சி. ரம் போட்டது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு என்பது என் கட்சி. மதியம் வரைக்கும் கத்தினோம். தாள்கள் பெட்டி மேலேயே இருந்தன. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து அழைப்பு. மாடியில் பேசி முடித்து இறங்கி வந்தால், மேசையில் பாதிப் பெட்டிகள் இல்லை. மிச்சம் இருந்த பெட்டிகளின் மேல் தாள் இல்லை. ஈரத்துணி வைத்துப் பக்குவமாக உரித்திருந்தாள், ஒரு கீறல் கிடையாது. தாள்கள் குப்பைக்கூடையில் சுருண்டு கிடந்தன. அம்மா காலிக் கூடையோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

“பாதித் தெரு முடிஞ்சுது. சாக்லேட்டுன்னு சொல்லித்தான் குடுத்தேன். சாக்லேட்டுதானே?”

“பாய் வூட்டுக்கு எந்தப் பெட்டியைக் குடுத்தே?”

“மேல இருந்ததை.”

செருப்புப் போடாமல் ஓடினேன்.

அக்கா தையல் மெஷினில் இருந்தார். தீபாவளிக்கு முந்தைய நாள் அவருக்கு நிமிர நேரம் இருக்காது, தெருவின் பாதி ஜாக்கெட்டுகள் அவர் கையில். கொக்கி வைத்து வாங்கிப்போக இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள், இருவரும் எங்கள் தெருதான். எங்கள் தட்டு அலமாரி மேல் இருந்தது. அதில் பெட்டி இருந்தது, மூடியபடி.

“அக்கா, அதை யாரும் சாப்பிடலீங்களே?”

“இல்ல பாப்பா. புள்ளைங்க வரட்டும்னு வெச்சிருக்கறேன். ஏன்?”

அதற்குள் அம்மா மூச்சு வாங்கியபடி வாசலுக்கு வந்துவிட்டாள். எனக்கு முன்னால் அவள் பேசினாள். “ஒண்ணுமில்லம்மா. ஏதோ எசன்ஸ் போட்டிருக்கறா. அதுக்குப் போயி இப்பிடி ஓடியாரா.”

காத்திருந்த பெண்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தால் அம்மா பொய்க்காரி. திறக்காவிட்டால் இந்த வீட்டுப் பிள்ளைகள் தெரியாமல் சாப்பிடுவார்கள். யோசிக்கக்கூட ஒன்றும் இல்லை.

“எசன்ஸ் இல்லீங்க அக்கா. ரம். இந்தப் பெட்டில இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். எது எதுன்னு இப்ப எனக்கே தெரியாது. சாப்பிடாதீங்க.”

மெஷின் நின்றது. அக்கா எழுந்து வந்து, தட்டிலிருந்து பெட்டியை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார். அம்மாவைப் பார்த்துச் சொன்னார், குரலை உயர்த்தாமல்.

“நான் குடுக்கறதுல ஒண்ணை நீங்க வேணாம்னு சொன்னா நான் கோவிச்சுக்குவேனுங்களா? சொல்லிட்டுக் குடுத்திருக்கலாமில்லீங்க.”

அக்கா திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்தார். கொக்கி வைக்க வேண்டிய ஜாக்கெட்டை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார்.

தெருவில் இறங்கியதும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீ நாலு நாள்ல பெங்களூரு போயிருவ. நான் இங்கதான் கொழாயடில நிக்கோணும். தெரியுமில்ல?”

“தெரியும். அதனாலதான் மிச்ச வூட்டுலயும் சொல்லணும்” என்றேன். “நாளைக்கு அவங்களே கண்டுபிடிச்சா, கொழாயடில நீதான் பதில் சொல்லணும். இப்ப நான் சொன்னா நான்தான் கெட்டவ.”

அம்மா கையை விட்டுவிட்டாள். வீட்டுக்குப் போனாள். நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அந்தச் சாயங்காலம் அம்மா போன வீடு ஒவ்வொன்றுக்கும் போனேன். வாசலில் நின்று ஒரே வாக்கியம்: சாக்லேட்டில் ரம் இருக்கலாம், நான்தான் போட்டேன், வேண்டாமென்றால் திருப்பிக் கொடுங்கள். ஒரு வீட்டில் பெட்டியை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள், செத்த எலியைத் தருவது போல. அந்த வீட்டு அண்ணன் தருமபுரி மதுக்கடையில் அன்று எனக்கு முன்னால் நின்று விலகியவர்களில் ஒருவர். “பொம்பளப் புள்ள பண்ற வேலையா இது?” என்றார். அன்றைக்கு நீங்கள் எனக்கு முன்னால் நின்றிருந்தீர்களே அண்ணா என்றேன். எங்கே நின்றார் என்று அவர் மனைவி உள்ளிருந்து கேட்டது என் காதில் விழுந்தது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த வீட்டில் ஒரு அத்தை, கணவர் ரிடையர் ஆன கண்டக்டர், அவருக்குச் சர்க்கரை வியாதி, சாக்லேட்டே ஆகாது. அத்தை பெட்டியைத் திருப்பித் தரவில்லை. “ரம்முன்னு முன்னாலயே சொல்றதுக்கென்ன? அவரு கண்ணுல படாம அரிசி டின்னுல போட்டு வெச்சிருப்பனில்ல” என்று என்னைத் திட்டினார். கடைசி வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே டி.வி. சத்தம் குறைந்தது, அவ்வளவுதான். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது.

திரும்பி வந்த பெட்டிகளையெல்லாம் மேசையில் அடுக்கினேன். அடுக்கு கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. கோபம்தான் இருந்தது, அதுவும் நல்ல தெம்பான கோபம். இந்தத் தெருவில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ உடம்பு வலிகள். வாசலில் நின்று பெயர் சொன்னவள் நான் ஒருத்திதான்.

தீபாவளி அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். அம்மா என்னோடு பேசவில்லை, இட்லி மட்டும் வைத்தாள். தெருவே வெடிச் சத்தத்தில் இருந்தபோது நான் அடுப்படிக்குப் போனேன். பழைய பெட்டிகள் எதையும் நம்ப முடியாது, மோந்து பார்த்துப் பிரிக்கவும் எனக்கு மனமில்லை. அக்கா வீட்டுக்குப் புதிதாகச் செய்வதுதான் சரி. பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துச் சுடுதண்ணீரில் அலசினேன். சாக்லேட் நறுக்க உட்கார்ந்தபோது அம்மா வந்தாள். ரம் ஜாடியை எடுத்தாள். கொட்டப்போகிறாள் என்று நினைத்து எழுந்தேன்.

“மாடியில வெக்கறேன்” என்றாள். “இதைப் பக்கத்துல வெச்சிக்கிட்டு அவங்களுக்குப் பண்ணாத.”

இறுகுவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, வருகிறாயா என்று அம்மாவைக் கேட்டேன். வரவில்லை. ஆனால் வாசல் வரைக்கும் வந்து நின்றாள்.

அக்கா அன்றைக்குத்தான் மெஷினை மூடி வைத்திருந்தார். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் காலை மடக்கினார். பெட்டியை நீட்டினேன். வாங்கவில்லை.

“என்னென்ன போட்டிருக்கற?”

“சாக்லேட், கிரீம், வத்தல்மலைக் காபி, வெல்லம். மேல கோகோ பொடி.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லீங்க. பாத்திரமும் தேச்சுக் கழுவினதுதான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். எதிர்வாசலில் நின்ற அம்மாவையும் பார்த்தார். பிறகு பெட்டியை வாங்கித் திறந்து, ஒரு உருண்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். முகம் சுருங்கியது.

“கசக்குது பாப்பா. இந்தக் கசப்புக்கா நேத்து அவ்வளவு சண்டை?”

“ஆமாங்க” என்றேன்.

விரலில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டார்.