ஸ்டெல்லாவின் கடைசித் தகடு

அன்று காலை கேனிலிருந்த கடல்நீரை வடிகட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் கணவர் செல்வத்திடமிருந்து போன் வந்தது. ஸ்டெல்லாவுக்கு லீவு சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். "சேகர் சார், ஸ்டெல்லா பூட்டா சார். காலைல எழுப்புனேன், எழுந்துக்கவேயில்ல" என்றார். மாரடைப்பாம். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கேன் காலியாகும்வரை வடிகட்டினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஒரகடத்தில் எங்கள் சிறிய நிறுவனத்தின் ஆய்வறையில் அவரும் நானும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். கம்பெனி பஸ்ஸிலும் கேன்டீனிலும் மட்டும் அவரைப் பார்த்த உங்களுக்காக அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜன் பிரியும். அதற்காக நல்ல தண்ணீரைச் செலவழிக்க நம் பக்கத்தில் யாருக்கு மனசு வரும்? கடல்நீரை எடுத்தாலோ அதிலுள்ள உப்பு சும்மா இருக்காது. ஆக்சிஜன் வரவேண்டிய பக்கத்தில் குளோரின் வந்து தகட்டையே அரித்துவிடும். குளோரினைத் தலையெடுக்க விடாமல் ஆக்சிஜனை மட்டும் வரவழைக்கிற ஒரு வினையூக்கியை நிக்கல் தகட்டின்மேல் பூச்சாக ஏற்றுவது ஸ்டெல்லாவின் வேலை. அந்தப் பூச்சு தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

கோவளத்திலிருந்து வேனில் கடல்நீர் வரும். இவ்வளவு தூரம் எதற்கு, குழாய்த் தண்ணீரில் உப்பைக் கலந்துகொள்ளக் கூடாதா என்று எங்கள் மேலாளர் ஒருமுறை கேட்டார். முனைவர் பட்டம் வாங்கியும் தன் ஊரான மண்ணூரின் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர் ஸ்டெல்லா. "உப்பு போட்டா கடல் ஆயிடுமா சார்? அப்போ எங்க வூட்டு ரசமும் கடல்தான். கடல்ல இன்னா இன்னா கீதோ, அத்தினியும் தகட்டுக்குப் பழகணும்" என்றார். வேன் கோவளத்துக்கே போய்வந்தது.

பணம் போடுகிறவர்கள் வந்து பார்த்த நாளை மறக்க முடியாது. கடல்நீரில் தகட்டை இறக்கி மின்சாரம் செலுத்தும் தொட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரும் சரியாக இருந்தது. ஸ்டெல்லா மட்டும் தொட்டிப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும், "பிளீச்சிங் பவுடர் வாசனை வருது. இந்தத் தகடு இன்னைக்கோ நாளைக்கோ பூடும்" என்று சொல்லிவிட்டார். குளோரின் தலையெடுத்துவிட்டது என்று அர்த்தம். வந்தவர்கள் போனபின் மேலாளர் குதித்தார். "செத்துப்போன தகட்டுக்குப் பவுடர் பூசி உக்கார வெக்கச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு ஸ்டெல்லா டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கும் அன்று கோபம்தான். வந்தவர்கள் என்னவோ பணம் தந்தார்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரங்களையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். ஸ்டெல்லா கிறிஸ்தவர் என்றாலும் மாலை கட்டுவதில் முதல் ஆள் அவர்தான். ஆனால் தொட்டியை மட்டும் நிறுத்த விடமாட்டார். மின்சாரம் நின்றால் தகட்டில் எதிர்த்திசையில் மின்னோட்டம் தொடங்கிப் பூச்சு கரைய ஆரம்பித்துவிடும். "ஓடுறப்பவே சாமி கும்புடுங்க, சாமி கோச்சிக்காது" என்பார். அதனால் எங்கள் தொட்டி மாலையோடு கொப்பளித்துக்கொண்டிருக்கும்.

அவர் இறந்த அன்று தொட்டிக்குள் இருந்தது அவர் கடைசியாகப் பூச்சேற்றிய தகடு. முந்தியவை எல்லாம் கைவிட்ட கட்டத்தைத் தாண்டி அது நின்றிருந்தது. நான் புகழ வாயெடுத்தால், "கண்ணு வெக்காதீங்க சேகரு" என்பார்.

எங்களில் ஒருவர் இறந்தால் அடக்கம் முடியும்வரை எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவைப்போம். யாரும் எழுதிவைத்த விதியில்லை, மரியாதை. வெளியே ஒவ்வொன்றாக நின்றன. மேலாளர் சிவந்த கண்களோடு ஆய்வறைக்கு வந்தார். "நிறுத்துங்க சேகர்" என்றார். நிறுத்தினால் தகடு போய்விடும் என்றேன். "அந்தம்மாவுக்காக ஒரு நாள் நிறுத்தக்கூடாதா? நீங்கல்லாம் மனுஷங்களா?" என்றார். வாசலில் நின்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். பிணம் வீட்டில் கிடக்கும்போது செல்வத்திடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? வேறு வழியில்லாமல் போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். நடுவில் செல்வம், "நிறுத்தாதீங்க சார். நிறுத்துனா என்னைத்தான் திட்டுவா" என்றார். பழக்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டார்.

ஹைட்ரஜன் வரும் தொட்டியை ஆளில்லாமல் விட முடியாது. அதன் போக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரை மண்ணூர்க் கல்லறைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். மற்றவன் நான். "கடைசியா மூஞ்சைப் பாக்கக்கூட வரலையே" என்று உங்களில் சிலர் பிறகு கேட்டீர்கள். பாதிரியார் ஜெபம் சொல்லி நீங்கள் மண் போட்ட நேரத்தில், சத்தமெல்லாம் அடங்கிய கட்டடத்தில் அவருடைய தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். வராததற்குக் காரணம் அதுதான். வேறொன்றும் இல்லை.

தகடு அதற்குப் பிறகும் ஓடியது. தினமும் போனதும் முதலில் மோந்து பார்ப்பேன். அது ஓடும்வரை ஸ்டெல்லா பக்கத்து அறையில் இருப்பதுபோலவே எனக்கு இருந்தது. அதனால் எனக்கு அழுகையும் வரவில்லை. சென்ற வாரம் அந்த வாசனை வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி மோந்து பார்த்தேன், சந்தேகமில்லை. சுவிட்சை நானே அணைத்தேன். குமிழிகள் ஒவ்வொன்றாக நின்றன. அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். சாயங்காலம் மண்ணூர்க் கல்லறைக்குப் போனேன். செல்வம் உடன் வந்தார். "ஜெயிச்சுதா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. "இல்ல செல்வம். மத்ததைவிட ரொம்ப நாள் நின்னுச்சு. ஆனா தோத்துடுச்சு" என்றேன். அவர் தலையசைத்தார்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. கெட்ட சேதியானாலும் மறைக்காமல் வாய்விட்டுச் சொல்லிவிடுவது. ஆகவே உங்களிடமும் சொல்கிறேன். தகடு போய்விட்டது. ஸ்டெல்லா போய்விட்டார்.