கோர்ட்டு ஆள் குடித்த ஒரு சொம்பு தண்ணீர்

இரண்டு வருடத்துக்கு முன்பு, சித்திரை வெயில் கொளுத்திய நேரம். புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் எங்கள் ஊர்த் தெரு முனையில் நான் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கடை வாசலில் ஆரம்பித்த கதை இது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு வாய் வராது. எழுதுவது அதைவிடக் கஷ்டம். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி இருக்கிறார். மருந்துக் கடையில் வேலை. என்னைவிட வயதில் சின்னவர். என்னை அண்ணா என்பார், நான் தங்கச்சி என்பேன். வேலை முடிந்து வந்து, சமையலை முடித்துவிட்டு, இணையத்தில் ப்ளாக் எழுதுவார். ரேஷன் கடை பூட்டிக் கிடப்பது, பஸ் நிற்காமல் போவது என்று எங்கள் பக்கத்து விஷயம்தான் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே புரியும். செல்போனில் நான் படிப்பது அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு ஏற ஆரம்பித்திருந்தது. பக்கத்திலேயே ஒரு தண்ணீர் கம்பெனி ஆழமாகப் போர் போட்டு, டேங்கர் டேங்கராக எடுத்துக்கொண்டிருந்தது. கம்பெனி ஒரு பெரிய அரசியல்வாதியுடையது. டீக்கடையில் அவரை எல்லோரும் திட்டுவார்கள். அவர் கார் வந்தால் எழுந்து கும்பிடுவார்கள். நானும் கும்பிட்டிருக்கிறேன்.

பஞ்சர் எங்கே என்று கண்டுபிடிக்க டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்போம் அல்லவா, அதற்கு என்னிடம் ஓர் இரும்புச் சட்டி உண்டு. தண்ணீர் வற்ற வற்ற அதன் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து நின்றது. முன்பெல்லாம் அப்படி நின்றதில்லை. ஸ்கூட்டிக்குக் காற்றடிக்க வந்தபோது அந்தத் தங்கச்சியிடம் காட்டினேன். அவர் சட்டியை மட்டும் படம் எடுத்தார். கடையும் விழவில்லை, நானும் விழவில்லை. என் கடை ரோட்டோரப் புறம்போக்கில் நிற்கிறது. பெரிய இடத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அது அவருக்குத் தெரியும்.

அந்தப் படத்தைப் போட்டு, கம்பெனி யாருடையது என்று பெயரையும் போட்டு எழுதினார். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அது செல்போனில் சுற்றியது. பெரிய மனிதர் கோர்ட்டுக்குப் போனார். தங்கச்சி தரப்பைக் கேட்பதற்கு முன்பே இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. எழுதியதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். அடுத்த உத்தரவு வரும்வரை அவரைப் பற்றியோ கம்பெனியைப் பற்றியோ ஒரு வரி எழுதக் கூடாது.

அதைக் கொடுக்கத்தான் ஒருநாள் மதியம், கோர்ட்டு உத்தரவுகளைக் கொண்டுவந்து கொடுக்கிற அமீனா வந்தார். எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. கோர்ட்டு நோட்டீசைக் கையில் வாங்காதவரை அது நம்மை ஒன்றும் செய்யாது என்று. வாய்க்கால் தகராறில் அப்படியே போக்குக் காட்டிக் காலத்தை ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அதனால் தெருவே சேர்ந்து தங்கச்சியை ஒளித்து வைக்கப் பார்த்தது.

அமீனா முதலில் என்னிடம்தான் வீட்டைக் கேட்டார். நான் டியூபிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்கார அம்மா ஓடிவந்து, "அதுவா? திருப்பதிக்குப் போயிருக்கு சார்" என்றார். அதே நேரம் தையல்கார அம்மா வீட்டுக்குள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர், "தாய் வூட்டுக்குப் போயிருக்கு சார்" என்று குரல் கொடுத்தார்.

அமீனா சிரித்துவிட்டார். "தாய் வூடு திருப்பதியா? நல்லதாப் போச்சு. மொட்டையும் போட்டுக்கலாம், சாப்பாடும் ஆச்சு."

அந்த நேரத்தில் கதவு திறந்தது. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு தங்கச்சி வெளியே வந்தார். "நான்தான் சார். வெயில்ல வந்திருக்கீங்க, உட்காருங்க" என்று ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அமீனா அண்ணாந்து ஊற்றிக்கொண்டவர், இரண்டு மடக்கில் நிறுத்திவிட்டார். "இன்னாம்மா, இப்படிக் கரிக்குது?"

"அதைத்தான் சார் எழுதினேன். அதுக்குத்தான் நீங்க வந்திருக்கீங்க."

அவர் குரலில் குத்தல் இல்லை. அமீனா மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தார். துப்பியிருக்கலாம், கீழே ஊற்றியிருக்கலாம். குடித்தார். தங்கச்சி உத்தரவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்றுகொண்டே படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தக் கட்டுரைகளை எடுத்துவிட்டார்.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. தெருவிலும் அப்படித்தான். துபாயில் இருக்கும் தன் பிள்ளை வேறு பேரில் போட்டுவிடுவான் என்று தையல்கார அம்மா சொன்னார். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாங்க்கா. வெளிய பேசாதன்னு கோர்ட்டு சொல்லுது, பேசல. உள்ள வந்து பேசுன்னும் சொல்லுது இல்ல? அங்க போய்ப் பேசறேன்."

அவர் சொன்னது போலவே, வாய்தா நாளில் புதுச்சேரிக்குக் கிளம்பினார். துணைக்குத் தெருவில் சிலர் போனோம். நான் கடைசி பெஞ்சில், தூண் மறைவில் உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல், அந்தச் சட்டிப் படமே ஜோடித்தது, அப்படி ஒரு சட்டியே கிடையாது என்றார். அது யாருடையது என்று நீதிபதி கேட்டார்.

"என்னை நம்பிக் காட்டினவரோடதுங்க ஐயா. அவர் பேரை நான் சொல்ல மாட்டேன்."

அப்படியானால் அந்தப் படத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது, தடை நீடிக்கும் என்றார் நீதிபதி. இவர், "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது கண்டுகொள்வார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். தன் எழுத்து மொத்தமாகப் போகிற நேரத்திலும் என் கடையை நினைத்துக்கொண்டு நின்ற அந்த முதுகை என்னால் மறக்க முடியாது.

வெளியே வராந்தாவில் அவருடைய வக்கீலம்மாவிடம் போனேன். "அந்தச் சட்டி என்னுதுங்க" என்றேன். தங்கச்சிக்குக் கோபமே வந்துவிட்டது.

"இன்னாண்ணா நீங்க! கடை இன்னா ஆவும்னு யோசிச்சீங்களா?"

"சட்டி என்னுதுதானே தங்கச்சி" என்றேன்.

பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் போட்டதைப் பார்த்துத் தையல்கார அம்மாவும் போட்டார். அடுத்த வாய்தாவுக்குச் சட்டியையும் கோணிப்பையில் கட்டி எடுத்துப் போனேன். வாசலில் போலீஸ்காரர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, கோர்ட்டுலயே பஞ்சர் ஒட்டப் போறியா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் அப்படியே பஸ் ஏறி ஊருக்குத் திரும்பியிருப்பேன். அன்று நானும் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

நீதிபதி சட்டியைத் தூரத்திலிருந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னதுதான் எழுதியிருக்கா?" என்று கேட்டார். "ஆமாங்க ஐயா" என்றேன். நான் கோர்ட்டில் பேசியது அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்துத் தடையைத் தளர்த்தினார்கள். தண்ணீரைப் பற்றியும் கம்பெனி போரைப் பற்றியும் ஆதாரத்தோடு எழுதலாம். ஒரு கட்டுரையில் அந்த மனிதரைத் திருடன் என்று எழுதியிருந்தார், அந்தக் கட்டுரை மட்டும் திரும்ப வரக் கூடாது. தங்கச்சிக்கு அதில் வருத்தம் இல்லை. "அது கோவத்துல போட்ட வார்த்தைண்ணா. கோர்ட்டு சொன்னது சரிதான்" என்றார். வழக்கு இன்னும் முடியவில்லை. தண்ணீரும் இன்னும் கரிக்கத்தான் செய்கிறது. நடுவில் யாரோ வந்து என் கடையை டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். கடை இன்றுவரை நிற்கிறது.

தளர்த்திய அன்று கோர்ட்டு வாசலில் அந்த அமீனா எதிரே வந்தார். தங்கச்சியை அடையாளம் கண்டு நின்றார். "தண்ணி இப்ப எப்படிம்மா கீது?" என்று கேட்டார். "அப்படியேதான் சார், வாங்க ஒருநாள், குடிச்சுப் பாருங்க" என்றார் இவர். "ஐயையோ, வேணாம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

கடைக்கு வருகிறவர்கள் செல்போனை நீட்டி, "இது உன் சட்டியா?" என்று இப்போதும் கேட்பது உண்டு. டியூபிலிருந்து தலையைத் தூக்கி, அவர்கள் முகத்தைப் பார்த்து "ஆமாம்" என்கிறேன். பெரிய மனிதரின் காருக்கு எழுந்து நின்று பழகிய எனக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே இப்படி ஒரு வார்த்தை சொல்ல வந்தது, அன்று கோர்ட்டில் என் பக்கம் திரும்பாமல் நின்ற அந்தத் தங்கச்சியால்தான்.