மோகனா அட்மிட் ஆன கதை

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களைத் தேடிப் போய்க் கேள்வி கேட்பது எங்கள் வேலை. அதில் முதல் தொல்லை, யாரைக் கேட்கிறோமோ அவரைத் தவிர வீட்டில் எல்லோரும் பதில் சொல்வார்கள்.

ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்தை நீண்ட காலம் கவனித்துவிட்டு, ஓய்வு பெற்றுச் சித்தூரில் இருந்தேன். திருப்பதியில் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தமிழும் தெலுங்கும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. நாள்பட்ட நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் பலர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்குக் கஷ்டத்தை நான் விளக்கத் தேவையில்லை. புத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி யாருக்கு?

அந்த வீட்டில் மூன்று பேர். பெரியவர் ராஜவேலு, சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் மூன்று நாள் திருப்பதிக்கு டயாலிசிஸுக்குப் போகிறவர். மூத்த மகன் சேகர், ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். சேகரின் மனைவி மோகனா. மாமனாரைப் பஸ்ஸில் அழைத்துப் போய்க் கூட்டி வருவது, தண்ணீரை அளந்து கொடுப்பது, உப்பில்லாமல் தனியாகச் சமைப்பது எல்லாம் அவள்தான்.

"உங்களுக்கு ஓய்வு கிடைக்கிறதா?" என்று மோகனாவைக் கேட்டேன். "நல்லா ரெஸ்ட்டு கீது மேடம், வீட்லதானே இருக்கா" என்றார் சேகர். "உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?" என்று மறுபடி அவளைப் பார்த்துக் கேட்டேன். "ஜம்முனு கீறா" என்றார், அதுவும் சேகர்தான். அடுத்த கேள்வியை நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் வாயைத் திறக்க, மோகனா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "கேள்வி எனக்கா, அவருக்கா மேடம்? எனக்குன்னா, அவரைப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லுங்க."

இளநீர்

சேகர் மாட்டைக் கவனிக்கப் போன பிறகுதான் விஷயம் வந்தது. மோகனாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. கட்டியை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதி கொடுத்து அதுவும் தவறிப்போனது. அவள் படுத்தால் மாமனாரை டயாலிசிஸுக்கு யார் கூட்டிப் போவார்கள் என்ற கேள்விக்கு அந்தக் குடும்பத்தில் ஒருவரிடமும் பதில் இல்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நகரியிலிருந்து சேகரின் அக்கா கலா வந்தாள். கையில் இளநீரும் ஆரஞ்சும். டயாலிசிஸ்காரர்களுக்கு இரண்டுமே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் அது எப்போதும் தெரியாது. மோகனா ஓர் இளநீரைச் சீவி, நின்றபடியே முழுதும் குடித்தாள். "அது நைனாவுக்கு வாங்கியாந்ததுடி!" என்றாள் கலா. "மாமாவுக்கு ஆவாது அண்ணி. எனக்கு ஆவும்" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். கலா காபி குடித்தாள். பிறகு மோகனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எங்க வீட்டுத் தெய்வம்டி என்று கண்ணீர் விட்டாள். அதற்கு மோகனா சொன்னது இது: "தெய்வமெல்லாம் வேணாம் அண்ணி. எனக்கு ஆபரேஷன் ஆவுற வாரம் வந்து இங்க இருக்கீங்களா, சொல்லுங்க."

கலாவுக்கு அந்த வாரம் ஏதோ கிரகப்பிரவேசம் இருந்தது. எந்த வாரம் என்று மோகனா இன்னும் சொல்லவே இல்லை.

தாலூக்கு

திருப்பதி ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வெளியே வந்து, "பேஷண்ட் தாலூக்கு எவரு?" என்று தெலுங்கில் குரல் கொடுப்பார். நோயாளியைச் சேர்ந்தவர் யார் என்று அர்த்தம். ராஜவேலுவின் பெயருக்குப் பின்னால் அந்தக் குரல் வந்தால், மோகனா எழுந்து ஓடுவாள்.

ஒரு நாள் மாமனாரை டயாலிசிஸ் கட்டிலில் விட்டுவிட்டு, தன் ஆபரேஷனுக்கு மறுபடி தேதி கேட்க அவள் மகளிர் பிரிவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். இந்த முறை நர்ஸ் அவள் பெயரைச் சொல்லி, தாலூக்கு யார் என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோகனா பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள். நீயேதானே பேஷண்ட், கையெழுத்துப் போட, மருந்து வாங்க, கூட இருக்க ஆள் வேண்டாமா என்றார் நர்ஸ். நியாயமான கேள்விதான். மோகனா அசையவில்லை. செவ்வாய்க்கிழமை என்று தேதியை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். "ஆள் வந்தாலும் வருவேன், வராங்காட்டியும் வருவேன் சிஸ்டர். நான்தான் பேஷண்ட், நான்தான் தாலூக்கு; ரெண்டு பேருக்கும் ஒரே கட்டில் போதும்."

கோபத்துக்கு இடமில்லை

இதையெல்லாம் எழுதி எங்கள் குழுத் தலைவி ஸ்வாதியிடம் கொடுத்தேன். ஸ்வாதி நல்ல பெண், படித்தவள், என் மகள் வயது. படிவத்தில் "பராமரிப்பவரின் மனநிலை" என்ற இடத்தில் நான் "கோபம்" என்று எழுதியிருந்தது அவளுக்கு உறுத்தியது. அந்தக் கேள்விக்குச் சோர்வு, கவலை, தனிமை என்று மூன்று கட்டங்கள்தான் உண்டு. சோர்வு என்று போட்டுக்கொள்ளலாமே மேடம், எல்லாருக்கும் அதுதானே இருக்கும் என்றாள்.

சிறுவர் பக்கத்துக்கு ஒரு குழந்தை பச்சைக் குதிரை வரைந்து அனுப்பினால், அதைப் பழுப்பாக்கி அச்சிடுகிற வழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. மோகனா கோபமாக இருந்தாள். அதனால் கோபம் என்று எழுதினேன், மாற்ற மாட்டேன் என்றேன். ஸ்வாதி பேனாவைத் தட்டிக்கொண்டு யோசித்தாள். "சரி மேடம், நாலாவதா ஒரு கட்டம் சேர்த்துடறேன். ஆனா எல்லாரும் அதையே டிக் பண்ணிட்டா என்ன பண்றது?"

மாலை

திங்கட்கிழமை காலை நான் அங்கே போனபோது வாசலில் ஒரு கார் நின்றது. பின்னாலேயே ஆட்டோவில் கலா தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்து இறங்கினாள். பெரியவர் போய்விட்டார் என்றே நினைத்தேன். உள்ளே போனால், ராஜவேலு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். இனி யாரையும் கெஞ்ச மாட்டேன், நாளைக்குத் தனியாகவே போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்று மோகனா சொல்லிவிட்டாள். அவள் பையும் தயாராகக் கதவோரம் இருந்தது. பெரியவர் அவளுக்குத் தெரியாமல் போனை எடுத்து, மகளுக்கும் சென்னைப் பக்கம் இருக்கிற இளைய மகன் ரமேஷுக்கும், "எனக்கு ரொம்ப மோசமா கீது, மொகம் பாக்கணும்னா வந்து பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். வேறு எதற்கும் வராதவர்கள் கடைசியாக முகம் பார்க்க வந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"இன்னா நைனா இது, நாங்க பதறிக்கினு வந்தா..." என்று ரமேஷ் குரலை உயர்த்தினான். அப்போது மோகனா காரிலிருந்த பைகளை எடுத்து வர உதவப் போய், ஒரு பெரிய ரோஜா மாலையோடு திரும்பி வந்தாள். வழியில் மாலை நன்றாகக் கிடைக்காது என்று ரமேஷ் கிளம்பும்போதே முன்னெச்சரிக்கையாக வாங்கி வந்திருக்கிறான். கலா அழுவதை நிறுத்திவிட்டுத் தம்பியை முறைத்தாள். ராஜவேலு மாலையை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா கீதுடா, சாமி படத்துக்குப் போடு. நான் போயிட்டா காரியம் ஆவுற வரைக்கும் லீவு போட்டு இங்கதானே ஒக்காந்திருப்பீங்க? அந்த லீவை இப்பவே போடுங்க. நாளிக்கு என் மருமவளுக்கு ஆபரேஷன்."

பேட்டி

லீவு போட்டார்கள். மாலையைப் பார்த்த பிறகு மறுக்க யாருக்கும் முகம் இல்லை. கலா ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனாள். ரமேஷ் தகப்பனைக் காரில் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனான். சேகர் ஷிப்டை மாற்றிக்கொண்டு, உப்பில்லாத சமையல் என்று ஒன்றைச் செய்தார். அதைப் பற்றிப் பெரியவர் சொன்னதை நான் எழுத முடியாது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இரண்டு நாள் கழித்து, விட்டுப்போன கேள்விகளோடு வார்டுக்குப் போனேன். மோகனா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கலா விசிறிக்கொண்டிருந்தாள். "மாமனாரைப் பற்றிக் கவலையாக இருக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "மேடம், எதுவானாலும் அப்பால வாங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து இன்னிக்குத்தான் பகல்ல தூங்கறேன்."

எங்கள் ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பேட்டி, பதில் சொல்லாமல் என்னைத் திருப்பி அனுப்பிய அதுதான்.