ஆறு முதல் எட்டு வயது வரை

நெரிசா பல்மாரெஸ் எங்கள் பொத்தோத்தான் ஊர்ப் பள்ளியில் மழலையர் வகுப்பை நடத்திய காலத்தில், மணி அடித்த பிறகும் கலையாமல் நிற்கும் வகுப்பு அவளுடையது ஒன்றுதான். யாருக்குப் பின்னால் யார் நிற்க வேண்டும், கழுவிய கையை எந்தத் துணியில் துடைக்க வேண்டும், அழ வேண்டுமென்றால் எந்த மூலையில் உட்கார்ந்து அழ வேண்டும் என்பதற்கெல்லாம் அவளிடம் விதி இருந்தது. குழந்தைகள் அந்த விதிகளை வெறுக்கவில்லை. அவளும் அவற்றை மிரட்டிச் சொன்னதில்லை. அதே பள்ளியில் மூத்த ஆசிரியையாக இருந்த நான் இதைப் பலமுறை கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன்.

மகள் ஜூனலினுக்கு ஒரு வயது நிரம்பியபோது அவள் பள்ளியை விட்டுக் கப்பலுக்குப் போனாள். குடும்பங்கள் விடுமுறையைக் கழிக்கும் பெரிய பயணக் கப்பல். பெற்றோர் நீச்சல் குளத்துக்கும் சூதாட்ட மேசைக்கும் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் மன்றத்தில் வேலை. கணவன் ரொடெல் எங்கள் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் இடையே மூன்று சக்கர வண்டி ஓட்டுபவன். நல்லவன், ஆனால் கைக்குழந்தையை எப்படித் தூக்குவது என்று தெரியாதவன். அவனுடைய அக்காள் சால்வே மணமாகாதவள். குழந்தையை அவள் எடுத்துக்கொண்டாள்.

நெரிசா எட்டு மாதம் கடலில் இருப்பாள், இரண்டு மாதம் வீட்டில் இருப்பாள். அந்த எட்டு மாதமும் ஜூனலினுக்கு அவள் கைப்பேசித் திரையில் தெரியும் ஒரு முகம். பேச்சு வந்தபோது குழந்தை சால்வேயை ‘அம்மா’ என்றது. திரையில் தெரிந்தவளைக் ‘கப்பல் அம்மா’ என்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்த முயன்ற சால்வேயும் இரண்டொரு முறைக்குப் பிறகு விட்டுவிட்டாள்.

கப்பலின் சிறுவர் மன்றத்தில் மூன்று அறைகள்: மூன்று முதல் ஐந்து வயது வரை, ஆறு முதல் எட்டு வரை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. டயப்பர் கட்டும் பழக்கம் விடாத குழந்தைக்கு இடமில்லை. காய்ச்சல் இருந்தால் இடமில்லை. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. எந்தக் குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையை விடும்போது பெற்றோர் ஒரு ரகசிய வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்ப வந்து அதே வார்த்தையைச் சொன்னால்தான் பிள்ளை கைக்கு வரும். பணியாளர் எந்தக் குழந்தையையும் மடியில் உட்காரவைக்கக் கூடாது, முத்தமிடக் கூடாது, ஒரு குழந்தையோடு தனியே ஓர் அறையில் இருக்கக் கூடாது. வாழ்த்த வேண்டுமானால் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டலாம். இவற்றுக்கு நடுவேதான் புதையல் தேடல், முகத்தில் புலி வரைதல், கொள்ளைக்காரர் வேடமிட்டு மேல்தளத்தைச் சுற்றி ஊர்வலம், கடைசி நாள் அரங்க நிகழ்ச்சி எல்லாம்.

நெரிசாவுக்கு இந்த வேலை பொருந்திப்போனது. ஆனால் அவள் கண்முன்னே ஒன்று நடந்திருந்தது. பக்கோலோத் ஊர்ப் பெண் ஒருத்தி, தாயைத் தேடி விக்கி விக்கி அழுத குழந்தையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள். குழந்தையின் தகப்பன் கண்ணாடி வழியே பார்த்துப் புகார் கொடுத்தான். அடுத்த துறைமுகத்தில் அந்தப் பெண்ணைப் பெட்டியோடு இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு நெரிசா, அறைக்குள் இருக்கும்வரை கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்ளப் பழகினாள்.

ஜூனலினுக்கு ஏழு வயதானபோது அந்த வாய்ப்பு வந்தது. நீண்ட காலம் பணியாற்றியவர்கள் தம் குடும்பத்தை ஒருமுறை பயணிகளாக அழைத்துவரலாம். கப்பல் அந்தப் பருவத்தில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அதே சமயத்தில் மன்றத்தின் துணைத் தலைவி பதவியும் காலியாக இருந்தது. அந்தப் பதவியில் இருப்பவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம். முடிவு செய்யவேண்டியவள் மன்றத் தலைவி வில்மா. செபுத் தீவுக்காரி, எங்கள் நாட்டவள்தான்.

கப்பலிலிருந்து என்னிடம் பேசியபோது நெரிசா பதவியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. “டீச்சர், அவ முன்னாடி ஒட்டுற அந்த ‘கப்பல்’ங்கறத மட்டும் எடுத்துட்டு, வெறும் அம்மான்னு ஒரு தடவ கூப்பிட்டா போதும். கப்பலுக்கே வந்துட்டா அப்புறம் கப்பல் அம்மான்னு எதுக்குக் கூப்பிடப்போறா?” என்றாள். அவள் எதையும் கணக்குப் போட்டுத்தான் எதிர்பார்ப்பாள்.

கணக்குத் தவறவில்லை. இனி நான் எழுதுபவை ரொடெலும் சால்வேயும் நெரிசாவும் தனித்தனியே சொன்னவை. மூவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

ரொடெலும் சால்வேயும் ஜூனலினோடு கப்பலேறினார்கள். முதல் நாள் பிற்பகலில் ரொடெல் மகளை ஆறு முதல் எட்டு வரையிலான அறைக்கு அழைத்துப்போனான். வாசலில் ரகசிய வார்த்தை கேட்டார்கள். “எங்க மாமியார்கூடப் பொண்ணு குடுக்கும்போது இவ்வளவு கேக்கல” என்று அவன் சால்வேயிடம் சொல்லிச் சிரித்தான். அறை நிறையப் பிள்ளைகள்: சிங்கப்பூர்ச் சீனப் பிள்ளைகள், மும்பையிலிருந்து வந்த இரட்டையர், ஆஸ்திரேலியச் சிறுவர்கள். நடுவில் நீலச் சட்டையும் பெயர்ப் பட்டையும் அணிந்து நெரிசா நின்றிருந்தாள். கதவருகே வில்மா.

ஜூனலின் காலணியைக் கழற்றக்கூட நிற்கவில்லை. “அம்மா” என்று கூவிக்கொண்டு ஓடினாள். முன்னால் எந்தச் சொல்லும் இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. வில்மாவும் பார்த்தாள். நெரிசா சட்டென்று குனிந்து, ஓடிவந்தவள் தன்மேல் விழாதபடி உள்ளங்கையை நீட்டித் தடுத்தாள்.

“கண்ணு, இங்க நான் மிஸ் நெரிசா. உள்ள இருக்கறப்ப அம்மான்னு கூப்பிடக் கூடாது. வெளிய போனதும் கூப்பிடலாம், சரியா?”

குழந்தை யோசித்தாள். “இது ரூல்ஸா?”

“ஆமா, ரூல்ஸ்.”

ஜூனலின் தலையாட்டினாள். நீட்டிய உள்ளங்கையில் தன் கையைத் தட்டினாள். காலணியைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டுப் போய் வட்டத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு அவள் எங்கள் பள்ளியில் ஒழுங்குக்கான பதக்கம் வாங்கியவள்.

மறுநாள் கப்பல் பினாங்கில் நின்றது. பயணிகள் கரைக்குப் போனார்கள். ஆனால் மன்றம் திறந்தே இருந்தது, நெரிசாவுக்கு வேலையும் இருந்தது. அவளோடு இருக்கட்டும் என்று ஜூனலினை மன்றத்திலேயே விட்டார்கள். சால்வே, பிள்ளை பசி தாங்கமாட்டாள் என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த பியாயாவை, வெல்லப்பாகு வைத்துச் சுட்ட அந்த ரொட்டியை, இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து அனுப்பியிருந்தாள். இடைவேளையில் குழந்தை அதை எடுத்துப் பாதி பிய்த்து நெரிசாவிடம் நீட்டினாள். நெரிசா இரண்டு பாதியையும் வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். மும்பை இரட்டையரில் ஒருவனுக்கு வேர்க்கடலை ஆகாது. பியாயாவில் வேர்க்கடலை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இருபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன.

மாலையில் வந்து அழைத்துப்போனபோது சால்வேக்கு விவரம் தெரிந்தது. அவள் நெரிசாவைப் பார்த்து, “பெத்தவளுக்குப் பிள்ளை ஊட்டப்போனா அது குப்பைக்குப் போகுமா? நல்ல மன்றம்டி இது” என்றாளாம். நெரிசா வாசல் பக்கம் திரும்பினாள். அடுத்த குழந்தையின் தாய் ரகசிய வார்த்தையோடு வந்து நின்றுவிட்டாள்.

‘வெளியே’ என்று அவள் சொன்ன இடம் வரவே இல்லை. காலையில் மகள் எழும்போது நெரிசா பணிக்குப் போயிருப்பாள். பணி முடிந்து வரும்போது மகள் உறங்கியிருப்பாள். கப்பல் புக்கெட்டை அடைந்த அன்று வில்மா அவளுக்கு ஒரு மணி நேரம் விடுப்பு கொடுத்தாள். நெரிசா ஓடிப்போய் மகளை மேல்தளத்துக்கு அழைத்துவந்தாள். ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தாள். கைப்பிடிக் கம்பியோரம் நின்று மீன்பிடிப் படகுகளைக் காட்டினாள்.

“மிஸ், அந்தப் படகு எங்க போகுது?” என்று ஜூனலின் கேட்டாள்.

“இங்க மிஸ் இல்லடா. வெளிய வந்தா அம்மான்னு கூப்பிடலாம்னு சொன்னேன்ல?”

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். பணியாளர் பயணிகள் நடமாடும் இடத்துக்கு வந்தால் சீருடையும் பெயர்ப் பட்டையும் கட்டாயம்.

“நீங்க இன்னும் அந்தச் சட்டைய போட்டிருக்கீங்களே” என்றாள்.

நெரிசா அங்கேயே அந்தப் பெயர்ப் பட்டையைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும் என்று ரொடெல் பின்னாளில் சொன்னான். சொல்வது எளிது. பட்டையில்லாமல் தளத்தில் நின்றதற்காக எச்சரிக்கப்பட்டவர்களை நெரிசா பார்த்திருக்கிறாள். துணைத் தலைவி பதவிக்குப் பெயர் எழுதும் வாரத்தில் அவள் அதைச் செய்யமாட்டாள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான் செய்யமாட்டாள். மகளின் தலையை வருட நீண்ட கை, பழக்கத்தால் பாதியில் நின்று, முதுகுக்குப் பின்னால் போய்விட்டதாம். அதைச் சொன்னவள் அவளேதான்.

கடைசி நாள் பிற்பகல் அரங்க நிகழ்ச்சி நடந்தது. பெற்றோர் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் மேடைக்கு வந்து தன் பெயரைச் சொல்லி, யாரோடு வந்திருக்கிறேன் என்று சொல்லிக் கையசைக்க வேண்டும். ஒலிவாங்கியைப் பிடிக்கும் வேலை நெரிசாவுக்கு. அவள் மண்டியிட்டுக் குழந்தைகளின் வாயருகே அதை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூனலினின் முறை வந்தது. கன்னத்தில் பூனை மீசை. தயங்காமல் பேசினாள்.

“என் பேரு ஜூனலின் பல்மாரெஸ். நான் எங்க அப்பாவோட வந்திருக்கேன். எங்க அம்மாவோட வந்திருக்கேன்.”

கை நீண்டது. மூன்றாம் வரிசையில் இருந்த சால்வேயை நோக்கி நீண்டது. கூட்டம் கைதட்டிற்று. சால்வே எழுந்து கையசைப்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றாள்.

குழந்தை இன்னும் முடிக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் சொன்னதை அவளும் சொல்ல வேண்டுமே. பக்கத்தில் மண்டியிட்டிருந்தவளைப் பார்த்து, “தேங்க்யூ மிஸ் நெரிசா” என்றாள். அதற்கும் கைதட்டினார்கள். நெரிசா ஒலிவாங்கியை அடுத்த குழந்தையிடம் நகர்த்தினாள்.  

பிள்ளைகள் போனபின் நாற்காலிகளை அடுக்கும்போது வில்மா அருகே வந்தாள். துணைத் தலைவி பதவி நெரிசாவுக்குத்தான் என்று சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, மனத்தில் இருந்ததைக் கேட்டாள்.

“ஏன்டி, உன் பொண்ணு உன்ன மிஸ்னு கூப்பிடுறா? உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?”

நெரிசா விதியைச் சொன்னாள். வில்மாவுக்குப் புரியவில்லை.

“எந்த ரூல்? சொந்தப் பிள்ளை அதே ரூம்ல இருக்கக் கூடாதுங்கறதுதான் ரூல். நீ வந்து கேட்டா உன்ன பக்கத்து ரூமுக்கு மாத்தலாம்னு மொத நாளே காத்துட்டு இருந்தேன். நீ கேக்கல. சரி, பிள்ளை கூடவே இருக்கட்டும்னு நீ ஆசைப்படுறன்னு நானும் கண்டுக்காம விட்டுட்டேன். அம்மாவ அம்மான்னு கூப்பிடக் கூடாதுன்னு எவடி எழுதி வச்சா?”

எவரும் எழுதி வைக்கவில்லை. மன்றத்தின் விதிகள் அனைத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடியவள் நெரிசா. வில்மா சொன்ன விதியும் தெரிந்தேதான், மகள் கூட இருக்கட்டும் என்று அறை மாற்றிக் கேட்காமல் இருந்தாள். ஆனால் அம்மா என்று கூப்பிடக் கூடாதென ஒரு விதி அவற்றில் இல்லை என்பது, அதை வாயால் சொன்ன கணத்திலேயே அவளுக்குத் தெரியும். நல்ல பணியாளராகத் தெரிய வேண்டும் என்ற அச்சத்தில், யாரும் கேட்காத விதி ஒன்றைத் தானாகச் சேர்த்தாள். எங்கள் ஊரிலிருந்து வெளியே வேலைக்குப் போகும் பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான்: முதலாளி ஒரு பூட்டுப் போட்டால் இவர்கள் இன்னொன்றைச் சேர்த்துப் பூட்டுவார்கள். அவர்களை நல்ல வேலைக்காரிகள் என்று உலகம் சொல்கிறது.

அதன் பிறகு நெரிசா நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தாள். அதற்காகத்தான் எல்லாம். சீருடை இல்லை, பட்டை இல்லை. வீட்டில் நைட்டியோடுதான் இருந்தாள். “இனிமே எங்கயுமே அம்மான்னுதான் கூப்பிடணும்” என்று மகளிடம் சொன்னாள். ஜூனலின் சரியென்றாள். சொன்னபடி கூப்பிடவும் செய்தாள், யாராவது நினைவூட்டினால். நினைவூட்டாதபோது, “மிஸ், நான் வெளிய போய் விளையாடட்டுமா?” என்று வாசலில் நின்று அனுமதி கேட்டாள். சால்வேயிடம் அவள் அப்படி எதற்கும் அனுமதி கேட்டதில்லை, கத்திவிட்டு ஓடுவாள். ஒருநாள் நெரிசா அவளை இழுத்து அணைத்தபோது குழந்தை விறைத்துப்போய், அணைப்பு முடியும்வரை பொறுமையாக நின்றாள். மருத்துவரிடம் ஊசிக்குக் கை நீட்டுவதைப் போல.

விடுப்பு முடிவதற்கு முன்பே நெரிசா அடுத்த ஒப்பந்தத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். தேவாலயத்துக்கு வெளியே என்னைப் பார்த்தபோது சொன்னாள். ஏனம்மா இவ்வளவு அவசரம், இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று கேட்டேன்.

“அங்க அறுபது பிள்ளைங்களுக்கு நான் மிஸ், டீச்சர். இங்க ஒருத்திக்கு மிஸ். அங்கயாவது அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க.”

நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருக்கவில்லை. ரொடெல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான், ஏறிப் போய்விட்டாள்.

அவள் புறப்பட்ட வெள்ளிக்கிழமை காலையில் ஜூனலின் பள்ளியில் இருந்தாள். வழியனுப்பப் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவைக்கட்டுமா என்று சால்வே கேட்டிருக்கிறாள். வேண்டாம், வகுப்பு தவறக் கூடாது என்று நெரிசா சொல்லிவிட்டாளாம்.