நஸ்ரின் எடுத்த படம்

போன வாரம் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் வந்தார்கள். இருவர் தோளிலும் துணிப்பை. கப்பலூர் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கும் அடுக்கு வீடுகளில் இருக்கிற பிள்ளைகளுக்குப் புகைப்படப் பயிற்சி தரப்போகிறார்களாம், அதற்கு நோட்டீஸ் அறுபது பிரதி வேண்டும் என்றார்கள். படித்துப் பார்த்தேன். கைக்கு வந்ததையெல்லாம் படித்துவிடுவது என் தொழிலின் கெட்ட பழக்கம். திருநகரில் யார் வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்பது வரை எனக்குத் தெரியும்.

"ஒரு பிள்ள எத்தன போட்டோ எடுக்கலாம்?" என்று கேட்டேன்.

"எத்தன வேணாலும் எடுக்கலாம்க்கா. ஃபோன்லதான?" என்றாள் அந்தப் பெண்.

சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு, முகம்கூடத் தெரியாத அந்தப் பிள்ளைகள் மேல் பொறாமை வந்தது. எத்தனை வேண்டுமானாலுமாம். எங்களுக்குப் பதினெட்டு. அதற்கு மேல் ஒன்று கிடையாது.

மெஷின் சூடேறி மை வாசனை கிளம்பியதும் எனக்கு ஃபிலிம் டப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. கறுப்பு டப்பா, சாம்பல் நிற மூடி. திறந்தால் புதுச் செருப்பு வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்த மாதிரி ஒன்று குப்பென்று வரும். நஸ்ரினும் நானும் அதை மாற்றி மாற்றி முகர்ந்தோம். பிறகு டப்பா யாருக்கு என்று சண்டை. கடைசியில் டப்பா அவளுக்கு, மூடி எனக்கு என்று முடிந்தது. மூடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்று வரை தெரியவில்லை.

எங்களுக்குப் பதினாலு வயது. இருந்தது குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்த போர்டு வீடு. நான்கு மாடி, தண்ணீர் மட்டும் கீழேயே நின்றுகொள்ளும், நாம்தான் குடத்தில் ஏற்றிவர வேண்டும். எங்கே இருக்கிறாய் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் "திருநகர் பக்கம்" என்று சொல்லிவைப்பேன். உண்மையைச் சொன்ன அன்று பக்கத்தில் இருந்தவள் பென்சில் பாக்ஸை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நஸ்ரின் என் எதிர்வீடு. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை இறக்குவார். என் அம்மாவுக்குக் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பக்கெட்டுக்குக் கைப்பிடி மாட்டுகிற வேலை. என் அப்பா லாரியோடு போனவர், லாரி திரும்பி வந்தது. அவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புக்குக் கொஞ்சம் பேர் வந்து பிள்ளைகளுக்கு நாடகம், ஓவியம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அப்படி வந்த ஒரு அக்காதான் ஒருநாள் கேமராக்களைக் கொண்டுவந்தார். இரண்டு பேருக்கு ஒரு கேமரா, முப்பத்தாறு படம், ஆளுக்குப் பாதி. எனக்கு ஜோடி நஸ்ரின். மாடிப்படியில் எங்களோடு உட்கார்ந்துகொண்டு அந்த அக்கா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஒங்க எடத்த நீங்களே எடுங்க. யாரையும் நிக்க வச்சு எடுக்காதீங்க."

நான் நிற்க வைத்துத்தான் எடுத்தேன்.

என் பதினெட்டில் ஒன்பது அம்மாவுக்கு. எனக்கு ஒரே ஆசைதான். என் அம்மா சிரிப்பதை எடுக்க வேண்டும். அம்மா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. மேல்வரிசையில் ஓரப் பல் ஒன்று போய்விட்டதிலிருந்து சிரிக்க வந்தாலும் உதட்டை மூடிக்கொள்வாள். கேமராவைப் பார்த்ததும் அம்மா உள்ளே போய்ச் சேலை மாற்றி, பவுடர் போட்டு, சுவரோரம் வந்து கையைத் தொங்கவிட்டு நின்றாள்.

"சிரிம்மா."

"சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

ஒன்பது படத்திலும் என் அம்மா ரேஷன் கார்டுக்கு நிற்கிறாள். நஸ்ரினிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு நான் கம்மாய்ப் பக்கம் போய்விட்டேன். அவள் எப்போது எதை எடுத்தாள் என்று கவனிக்கவும் இல்லை.

படங்கள் கழுவி வந்ததும் சி பிளாக் மாடிப்படி நெடுகக் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு. குடியிருப்பே திரண்டு வந்து படி ஏறி இறங்கியது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மட்டும் கூட்டம் நகரவில்லை. என்னவென்று தலையை நுழைத்துப் பார்த்தேன்.

என் அம்மா. இடுப்பில் பச்சைக் குடம். வேலைக்குப் போகிற பழைய நைலக்ஸ் சேலை, நெற்றியில் வேர்வை. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் போன இடம் தெரிந்தது. வாயை மூடத் தூக்கிய கை பாதியில் நின்றிருந்தது. கீழே சீட்டில் நஸ்ரின் என்று எழுதியிருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். படம் நன்றாக இருக்கிறது என்று தோன்றவில்லை. இவள் எப்படி என் அம்மாவைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் தோன்றியது. பதினாலு வருஷம் கூட இருந்தவள் நான். வயிறு எரிகிறது என்று சும்மா சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரிகிறது. தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர்கள் "யாரும்மா இதை எடுத்தது?" என்று கேட்க, அக்கா நஸ்ரினைப் பிடித்து முன்னால் நிறுத்த, எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

அம்மா "அய்யே, பல்லு தெரியுதுடி" என்று நஸ்ரினைச் செல்லமாக அடித்தாள். ஆனால் மறுவாரமே அந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவி மேல் வைத்துவிட்டாள். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று பெயர்ச் சீட்டைப் பிய்த்தெறிந்தாள். என்னுடைய ஒன்பதும் பீரோவுக்குள் போயின. அதற்கப்புறம் வீட்டில் என்ன பலகாரம் செய்தாலும் "போட்டோக்காரிக்கு எடுத்து வையி" என்பாள். எடுத்து வைப்பது நான். உடைந்த பணியாரமாகப் பார்த்து எடுத்து வைப்பேன். நஸ்ரின் அதையும் ருசித்துத் தின்றுவிட்டு "அத்த கை அத்த கைதான்டி" என்பாள். அது இன்னும் எரிந்தது.

படம் எடுத்த அன்று என்ன நடந்தது என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. அவளாகச் சொல்ல வந்தபோதும் "எனக்கு வேல இருக்கு" என்று எழுந்துபோய்விட்டேன்.

பிறகு நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஜெராக்ஸோடு பாஸ்போர்ட் சைஸ் படமும் எடுப்பேன். காதைக் காட்டுங்கள், உதட்டை மூடுங்கள், ஆடாமல் இருங்கள். யாரையும் சிரிக்கவிடாமல் எடுப்பதில் எனக்கு நல்ல பெயர். நஸ்ரினைச் சிம்மக்கல்லில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் அதற்கப்புறம் கேமராவைத் தொட்டதே இல்லை என்று கேள்விப்பட்டபோது, வருத்தப்பட வேண்டிய நான் நிம்மதியாக இருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மாமா படம் கேட்டார். நான் கடையில் எடுத்த பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்தேன். மாமா அதைப் பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பினார்.

"இது எதுக்குத்தா? ஆஸ்பத்திரி சீட்டுல இருக்க மாதிரி இருக்கு. அதக் குடு."

"செத்த வீட்டு போஸ்டர்ல சிரிச்ச மொகமா மாமா?"

"எங்க அக்கா சிரிச்சது அது ஒண்ணுலதான். குடுத்தா."

வீதி முக்கில், பஸ் ஸ்டாப்பில், கடைச் சுவரில் எல்லாம் அம்மா குடத்தோடு சிரித்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தே அழுதார்கள். வெளியூரிலிருந்து வந்த அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அழுதுகொண்டே கேட்டாள்: "இம்புட்டு அழகா எங்கக்காவ யாருடி எடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. இருபது வருஷம் சொல்லக் காத்திருந்த வார்த்தை. சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பினால், என் தோளில் கை வைத்துக்கொண்டு நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள். அழுகையில் அவள் வந்ததையே நான் கவனித்திருக்கவில்லை.

அவள் கையை எடுக்கவில்லை. சின்னம்மாவைப் பார்த்து, "ஆமா சின்னம்மா, இவதான் எடுத்தா. நான் பக்கத்துல நிண்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

போர்டு வீடுகளை இடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்த அந்த அக்கா எங்கே இருக்கிறார் என்று தெரியாது. டவுனில் ஃபிலிம் கழுவுகிற கடை ஒன்றும் இப்போது இல்லை. நஸ்ரினும் நானும் பேசிக்கொள்ளாமல் இல்லை. பெருநாளைக்கு அங்கிருந்து பிரியாணி வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் இருவருமே வாய் திறப்பதில்லை.

படியேறி வந்த அம்மாவிடம் அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள். இல்லையென்றால் அம்மா ஏதோ சொல்லிவிட்டுத் தானே சிரித்திருக்கிறாள். அது என்னவென்று தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நஸ்ரின் ஒருத்திதான். சில நாள் கடையில் ஆள் இல்லாத மத்தியானத்தில் ஃபோனை எடுத்து அவள் பெயர் வரைக்கும் போவேன். படம் எடுத்தவள் நான் அல்லவா? அம்மா எதற்குச் சிரித்தாள் என்று, எடுத்தவளே போய் அவளிடம் எப்படிக் கேட்பது?